கலக்கி மோட்டாருக்குப் போட்ட மாலை

கண்ணு,

உன் கல்யாண அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. கொழிஞ்சாம்பாறை அச்சகத்துக்காரர் தினம் போன் செய்கிறார். தாமதத்துக்கு அவரும் காரணமில்லை, பெண் வீட்டாரும் காரணமில்லை. அன்றைக்கு நாம் மூன்று பேரும் அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது, "மாப்பிள்ளை பேருக்குக் கீழ என்ன உத்தியோகம்னு போடறதுங்க?" என்று அவர் கேட்டார். "பேர் மட்டும் போதுங்க" என்றாய். அவர் விடவில்லை. "எஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு வெறும் பேரைப் போட்டா பொண்ணு ஊட்டுக்காரங்க என்னங்க நெனைப்பாங்க?" என்றார். "அவங்களுக்குத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த மாதிரி அட்டைகளைப் பார்க்கப் போய்விட்டாய். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்போது, என் பெயருக்குக் கீழே 'சீனியர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்' என்று வர வேண்டும், எழுத்துப் பிழை இருக்கக் கூடாது என்று அச்சகத்துக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் தகப்பன் மகனுக்குக் கடிதம் எழுதினால் அதில் புத்திமதி இருக்க வேண்டும். பசைக்காரன் எழுதினால், ரெசினும் ஹார்டனரும் சரியான அளவில் சேர்வது போலப் புருஷனும் பெண்டாட்டியும் சேர வேண்டும் என்று ஒரு வரியும் இருக்க வேண்டும். அந்த வரியை எங்கள் ஆட்களின் கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உனக்கு அதைச் சொல்லப் போவதில்லை. அளவு தவறியதற்குக் காரணம் நான் என்று சொல்ல வேண்டியிருக்கும்போது, சரியான அளவைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்காது. உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யைப் பலர் கேட்டார்கள். ஆகவே இந்தக் கடிதத்தையும் அத்தனை பேரும் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்களுக்காக மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை நீ தாண்டிப் போய்விடலாம்.

கஞ்சிக்கோட்டில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை குளிரறைகளுக்குச் சுவர் செய்கிறது. இரண்டு தகடு, நடுவில் நுரைப் பலகை, மூன்றையும் சேர்த்து ஒட்டும் பசை, அவ்வளவுதான் சுவர். பசை இரண்டு தொட்டிகளில் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் வெள்ளை ரெசின், மற்றதில் பழுப்பு ஹார்டனர். இரண்டு பம்புகள் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ள, முனையில் உள்ள திருகுக் குழாய்க்குள் இரண்டும் கலந்து தகட்டின் மேல் கோடு கோடாக விழும். தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. கலந்துவிட்டால் சிறிது நேரத்தில் கல். ரெசினில் சுண்ணாம்பு போல ஒரு மாவு சேர்த்திருப்பார்கள். கிளறிக்கொண்டே இருந்தால் அது மிதக்கும். கிளறுவதை நிறுத்தினால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் ரெசின் தொட்டியின் தலையில் ஒரு சின்ன மோட்டார் வைத்து, உள்ளே துடுப்பு ஒன்றைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். நாங்கள் அதைக் கலக்கி என்போம். இந்த மிஷினைச் செய்து கொடுத்தது கோயமுத்தூரில் நீ வேலை பார்க்கும் கம்பெனி. அதைப் பொருத்த வந்தவனும், பழுது பார்க்க வந்துகொண்டிருந்தவனும் நீ. போகும்போது கலக்கியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாய். லீவு நாளிலும் இதை அணைக்கக் கூடாது என்று தமிழில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை. எனக்கு மூன்றும் படிக்கத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் மிஷின் ஜோடிப்பில் போட்டி உண்டு. நன்றாக ஜோடித்த செக்‌ஷனுக்கு மானேஜர் கையால் பரிசு. முந்தின வருஷம் பிரஸ் செக்‌ஷன்காரர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். கடவுள் விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றே காலத்தைக் கழித்தவன். ஆனால் பிரஸ் செக்‌ஷனிடம் தோற்பது வேறு விஷயம். பாலக்காட்டு மார்க்கெட்டில் ஆள் உயரச் செண்டுமல்லி மாலை ஒன்று வாங்கினேன். மிஷினின் எந்தப் பக்கம் போட்டாலும் அது எடுபடவில்லை. பசைக் குழாய் பிடிக்கும் மணியக்கா தூர நின்று பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஒசரத்துல போடுங்ணா. கீழ போட்டா எருமைக்குப் போட்டாப்பல இருக்குது" என்றாள். உயரமான இடம் ஒன்றுதான் இருந்தது, கலக்கி மோட்டாரின் தலை. அங்கே போட்டால் மாலை தண்டில் சுற்றிக்கொள்ளும். ஆகவே சுவிட்சை அணைத்தேன். சந்தனப் பொட்டு வைக்கச் சமமான இடம் வேறு கிடைக்காததால் உன் ஸ்டிக்கரின் மேலேயே வைத்தேன்.

அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. அந்தச் சம்பிரதாயத்தை அந்த வருஷம் நான் கண்டிப்பாகக் காப்பாற்றினேன். ஆரத்தி முடிந்ததும் சுவிட்சைப் போடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போட்டால் மாலை போய்விடும், மானேஜர் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. மிஷினும் இரண்டு நாள் தூங்கட்டுமே என்று இருந்துவிட்டேன். பரிசும் எங்களுக்கே வந்தது. இட்லியைச் சூடு ஆறாமல் வைக்கும் ஹாட் பேக் ஒன்று. அதுவும் இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த சாமான்தான். அதன் தோல் இன்றுவரை உரியவில்லை.

தசமி காலையில் மாலையைக் கழற்றாமல் சுவிட்சைப் போட்டேன். மாலை தண்டில் சுற்றி, பூ நாலு பக்கமும் தெறித்தது. மணியக்கா கைதட்டினாள். "சாமி பூ மழை பெய்யுதுங்ணா" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே கையில் கிடைத்ததைப் பிய்த்துப் போட்டேன். வேலை தொடங்கும் முன் இரண்டு கப்பு பிடித்து ரெசினையும் ஹார்டனரையும் எடை போட வேண்டும் என்பது நீ சொல்லிக் கொடுத்த முறை. அன்று கையில் பொரிகடலை இருந்தது. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் ஒரு காய்கறிக் குளிரறைக்குச் சுவர் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. போய்விட்டது.

பிறகு வந்த நாட்களில் பசை ஒரு பலகையில் பொரி போல உடைந்தது, அடுத்த பலகையில் வெல்லப்பாகு போல இழுத்தது. பசை ஒட்டவில்லை என்றால் மனிதர்கள் சந்தேகப்படுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பசை, அப்புறம் மழைக்காலம், அப்புறம் மிஷின், அப்புறம் மிஷினைச் செய்தவன். கடைசியாகத் தொட்ட கை அந்த வரிசையிலேயே வராது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "எந்தா பிரஷ்னம்? பூஜை சமயத்தில் ஆரெங்கிலும் எந்தெங்கிலும் ஓஃப் ஆக்கியோ?" என்று, பூஜை சமயத்தில் யாராவது எதையாவது அணைத்தார்களா என்று நேராகவே கேட்டார். அதைவிடத் தெளிவாக ஒரு மனிதனிடம் கேட்க முடியாது. "இல்லீங்க சார், எல்லாம் எப்பவும் போல ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். அவர் முகத்தில் திருப்தி இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வருஷா வருஷம் அவர் தயவில் நீடிக்கிறவன். ஆகவே, "பூஜைக்கு முந்தின வாரம் ரெசின் பம்புல புது சீல் போட்டாங்களுங்க. அதுல இருந்துதான் இப்படி" என்றேன். சீல் என்பது பம்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். போட்டாங்க என்று மரியாதைப் பன்மையில் சொன்னேன். யார் போட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ வந்தாய். அன்று நீ வேலை செய்ததைப் பார்த்ததுபோல நான் யார் வேலையையும் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் ரசனை இல்லை, பயம். ஸ்பேனரை எடுக்கவில்லை. திருகுக் குழாயைக் கழற்றிவிட்டு, ரெசினை ஒரு கப்பிலும் ஹார்டனரை ஒரு கப்பிலும் தனித்தனியாகப் பிடித்துத் தராசில் வைத்தாய். திரும்பத் திரும்பப் பிடித்தாய். "ஹார்டனர் ஒழுங்கா வருதுங்கப்பா. ரெசின்தான் ஒருக்கா கெட்டியா வருது, ஒருக்கா தண்ணியா வருது" என்றாய். வடிகட்டியைத் திறந்தாய். அதற்குள் மாவு வெண்ணெய் மாதிரி அடைத்திருந்தது. சீல் கெட்டால் இப்படி ஆகாது. தொட்டி கிளறாமல் கிடந்தால்தான் இப்படி ஆகும். இதை நீ சொல்லவில்லை. "லீவுல கலக்கி ஓடுச்சுங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாய். "ஓடாம?" என்றேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, மோட்டார் தண்டுக்குக் கீழே கையை விட்டாய். உன் கை அங்கேயே சற்று நின்றது. வெளியே எடுத்தபோது விரலில் மாலை நூல் சுற்றியிருந்தது, அதில் காய்ந்த செண்டுமல்லி இதழ் ஒன்றிரண்டு. கீழே மானேஜர் வந்து நின்றார். நீ கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு இறங்கினாய். அவர் சீலைப் பற்றிக் கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, "நான் போட்டதுலதான் ஏதோ தப்பு ஆகியிருக்குமுங்க சார். சரி பண்ணிக் குடுத்தர்றேன்" என்றாய்.

அப்போது வாய் திறந்திருக்க எனக்கு நேரம் இருந்தது. நான் தரையில் சிந்தியிருந்த ரெசினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சுத்தமாக அந்தத் தரையை நான் அதற்கு முன் துடைத்ததில்லை.

அதற்குள் பள்ளிவாசலில் இருந்து போன் வந்தது. தொழிற்சாலையில் இருந்து ஒரு ஆள் கூடப் போக வேண்டும் என்று மானேஜர் என்னை அனுப்பினார். பிக்கப் வண்டியில் உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாகப் போனோம். வழியில் சாப்பிட அம்மா இட்லி வைத்துக் கொடுத்திருந்தாள், அந்த ஹாட் பேக்கில். "சூடு அப்படியே இருக்குதுங்கப்பா" என்றாய். நீ வேறெதுவும் நினைத்துச் சொல்லவில்லை என்றுதான் நம்புகிறேன். குளிரறையைப் பார்த்துக்கொள்ளும் செல்லையா எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். வண்டியை விட்டு இறங்குவதற்குள் உன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். "பாத்தியளா சொவர? பாம்பு சட்டய உரிச்ச கணக்கா நிக்கி. கேரட்டு பூராம் வதங்கிப் போச்சு. மொதலாளி என்னயப் போட்டு வாங்குதாரு" என்றார். சுவர் அப்படித்தான் இருந்தது. விரலால் தட்டினால் டப்பா போலச் சத்தம் கேட்டது.

குளிரை நிறுத்தி, சுவரைச் சூடாக்க விளக்கு வைத்தாய். தகட்டில் சின்னச் சின்னத் துளை போட்டுக் பசைத் துப்பாக்கியால் பசையை உள்ளே செலுத்தினாய். மலைக் குளிரில் பசை இறுகிக் குழாயில் வர மறுத்தது. அடுத்தடுத்த டியூப்களைச் சட்டைக்குள் போட்டு உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டாய். என் வேலை, பசை பிடிக்கும்வரை தகட்டின் மேல் பலகையை அழுத்திக்கொண்டு நிற்பது. செல்லையா எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏன் தம்பி, பச ஒட்டத் தெரியாமலா எஞ்சினியருன்னு வந்திய?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இவரு ஒங்க மவனாம்லா? ஒங்ககிட்ட ரெண்டு நாளு வேல படிச்சிட்டு வந்திருக்கலாம்லா?" என்றார். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். நீ மறந்திருந்தாலும் எழுதத்தான் வேண்டும். "சின்னப் பையனுங்க. போகப் போகக் கத்துக்குவான்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். நீ சட்டைக்குள்ளிருந்து ஒரு டியூபை எடுத்துத் துப்பாக்கியில் மாட்டினாய். "அந்தப் பக்கம் பலகையை இன்னுங் கொஞ்சம் அழுத்திப் புடிங்கப்பா" என்றாய். அதைத் தவிர அன்று முழுக்க நீ என்னிடம் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. அதுவும் கடுமை இல்லை. பலகை உண்மையாகவே நழுவியிருந்தது.

இந்தப் பழக்கம் எனக்குப் புதிதல்ல. பெருமாட்டியில் நம் தோப்புக் கிணற்று மோட்டார் எரிந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணியே இல்லீங்கப்பா, மோட்டார் சும்மா ஓடுது" என்றாய். "படிக்கிற வேலையைப் பாரு" என்றேன். எரிந்த பிறகு வோல்டேஜைத் திட்டினேன். வோல்டேஜ் திருப்பிப் பேசாது என்பது அதனிடம் உள்ள சௌகரியம். நீயும் திருப்பிப் பேசாதவன் என்று அந்த வயதிலேயே நான் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

உன் கம்பெனி உன்னை வெளி வேலைக்கு அனுப்புவதை நிறுத்தியது. சீல் போடத் தெரியாதவன் என்று உதிரிபாகக் கவுன்டரில் உட்கார வைத்து, ரப்பர் வளையங்களைக் கவரில் போட்டுக் கொடுக்கும் வேலை தந்தது. வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டாள். "ஆபீஸ்லயே ஒக்காந்த வேலைங்கம்மா. அலைச்சல் இல்ல" என்றாய். அவள் சந்தோஷப்பட்டாள். நானும் தலையை ஆட்டினேன். அச்சகத்தில் நீ "பேர் மட்டும் போதுங்க" என்றபோதுதான் அந்தத் தலையாட்டல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது.

புத்திமதி என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன், தொழில் சம்பந்தப்பட்டது. இனி நீ எங்கே போனாலும், பசை ஒட்டவில்லை என்று உன்னைக் கூப்பிட்டால், வாசலுக்கே வந்து காரணம் சொல்கிறவர் யார் என்று பார். அவர் தொட்ட சுவிட்சை முதலில் பார். அவர் வயதையோ உறவையோ பார்க்காதே. இரண்டு கப்பைத் தனித்தனியாகப் பிடித்து எடை போட்டபோது உனக்கு யார் மேலும் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. அந்த இடம்வரை நீ செய்தது சரி. நூலைச் சட்டைப் பையில் போட்டதுதான் தப்பு. அது என்னிடமிருந்து கற்றதில்லை. ஆனால் என்னால் வந்தது.

இதுவரை எழுதியதைப் போன திங்கட்கிழமை மானேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவர் படிப்பதற்குள் வெளியே போய்விடலாம் என்பது என் திட்டம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "நிங்ஙள் தன்னெ வாயிச்சோளூ. தமிழ் கேட்டா மனசிலாவும், எழுத்து அறியில்லா" என்றார். இத்தனை வருஷம் அவரிடம் வேலை செய்தும், அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியாது. ஆகவே நின்றுகொண்டு வாசித்தேன். புரியாத இடங்களை மலையாளத்தில் சொன்னேன். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றதையும் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் மணியக்கா திருகுக் குழாய் கேட்டு வந்தவள், கதவருகே நின்றுவிட்டாள். அவளை வெளியே போகச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

முடித்ததும் அவர், "ஒரு மாலைக்கு வேண்டியோ?" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். "மகன் அறியுமோ?" "அன்னைக்கே தெரியுமுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டாமல் அவர் என்னைப் பார்த்த பார்வைக்குத் திட்டே மேல். மணியக்காதான் பேசினாள். "அப்ப அந்த ஹாட் பேக்கைத் திருப்பிக் குடுக்கோணுங்களாண்ணா?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். பையில் கொண்டுவந்திருந்தேன். எடுத்து மேஜை மேல் வைத்தேன். இப்போது அது பிரஸ் செக்‌ஷனில் இருக்கிறது. அவர்கள் அதில் நட்டு போல்ட்டு போட்டு வைத்திருப்பதாகக் கேள்வி.

மானேஜர் என் முன்னாலேயே உன் கம்பெனிக்குப் போன் செய்து, பழுது எங்கள் பக்கம், சீல் சரியாகத்தான் இருந்தது என்று சொன்னார். எழுத்திலும் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இங்கிலீஷில் எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அதில் மாலை வருகிறது, செருப்பு வரவில்லை. பள்ளிவாசலுக்கும் போன் செய்தேன். செல்லையாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அட பாவி மனுசா, அந்தப் பையன அந்தக் குளுருல நிக்க வச்சிட்டு நீரு சிரிச்சீரே!" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எல்லாம் நியாயமானவை. என் வேலை இந்த வருஷத்தோடு முடிகிறது. அதை மானேஜர் சொல்லவில்லை, நானே சொன்னேன். உன் கம்பெனி உன்னை மறுபடி வெளி வேலைக்கு எப்போது அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. நாலு வார்த்தையில் கெட்ட பேர் நாலு பக்கத்தில் சரியாகும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று அச்சகத்துக்குப் போய் மாதிரித் தாளைத் திருத்தினேன். உன் பெயருக்குக் கீழே 'சர்வீஸ் எஞ்சினியர்' என்று எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் வைத்துக்கொள், வேண்டாமென்றால் நீயே அடித்துவிடு. அதை அடிக்கும் உரிமை உனக்கு மட்டும்தான். அச்சகத்துக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இப்ப உங்க பேருக்குக் கீழ இருந்ததைக் காணோமே, எடுத்துப்போட்டீங்களா?" என்றார். பேர் மட்டும் போதுமென்றேன்.

அப்பா